எழும்பூர் தூய அந்திரேயா ஆலயம்: ஒரு கட்டடம் தரும் சாட்சி

கடவுளைத் தொழுவதற்கென்று தனிப் புனிதம் வாய்ந்த இடம் உண்டா? இவ்வினாவுக்குச் சீர்திருத்தச் சபைகள் ஐயத்துக்கு இடமின்றி விடை அளித்துள்ளன. 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய இறையியலார் வகுத்த விசுவாச அறிக்கை, நற்செய்தியின் காலத்தில் ஜெபமும் ஆராதனையின் ஏனைய பகுதிகளும் எந்த இடத்தோடும் பிணைக்கப்பட்டவை அல்ல என்றும், இடத்தின் பொருட்டு அவை கடவுளுக்கு அதிகம் உகந்தவை ஆவதில்லை என்றும் போதிக்கிறது. அதே மன்றம் தந்த பொது ஆராதனை வழிகாட்டி இன்னும் ஒருபடி மேலே சென்று, பிரதிஷ்டை என்னும் பெயரால் எவ்விடமும் புனிதம் பெற்றுவிடாது என்று உரைக்கிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபை இவ்விரண்டையும் தன்னுடையவையாக ஏற்றுக்கொண்டது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் பேசியவற்றை (யோவான் 4) அடியொற்றியதே இப்போதனை.

அப்படியாயின், பிரஸ்பிட்டேரியன் மரபில் எழுந்த ஓர் ஆலயத்தின் வரலாற்றை நாம் ஏன் கற்கவேண்டும்? கல்லிலும் காரையிலும் புனிதம் இல்லையெனில், பழமையான கட்டடத்தைப் பேணுவதற்கும் காரணம் இல்லை என்று சிலர் கருதக்கூடும். ஆனால் யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் நாட்டிய பன்னிரு கற்களுக்கும் தம்மில் புனிதம் இருந்ததில்லை. பின்வரும் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது விடை சொல்வதற்காகவே அவை நாட்டப்பட்டன (யோசுவா 4). ஆலயக் கட்டடமும் அத்தகையதே. கட்டியவர்கள் எதனை அறிக்கை செய்தார்கள் என்பதையும், எதனை மறந்தார்கள் என்பதையும் அது ஒருங்கே காட்டி நிற்கிறது. இவ்வுண்மையைச் சென்னை எழும்பூரிலுள்ள தூய அந்திரேயா ஆலயத்தைக் கொண்டு விளக்க முற்படுவோம். இவ்வாலயம் ஸ்காட்லாந்து மொழி வழக்கின்படி ‘கிர்க்’ என்றே பலராலும் அழைக்கப்படுகிறது. ‘கிர்க்’ என்பதற்குத் திருச்சபை என்பதே பொருள்.

1. ஆலயம் எழுந்த சூழ்நிலை

1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தபோது, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரஸ்பிட்டேரியன் ஆட்சிமுறை சட்டத்தால் காக்கப்பட்டது. ஆகவே ஒரே நாட்டில் இரு திருச்சபைகள் அரசின் அங்கீகாரம் பெற்றிருந்தன. தெற்கே பேராயர்களைக் கொண்ட திருச்சபையும், வடக்கே மூப்பர் மன்றங்களால் ஆளப்படும் திருச்சபையும் நிலைபெற்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்திலும் படைகளிலும் ஸ்காட்லாந்தியர் பெருந்தொகையினராக இருந்தனர். எனினும் இந்தியாவில் அவர்களுக்குத் தங்கள் மரபின்படி ஆராதிக்க நெடுங்காலம் ஏற்பாடு இருந்ததில்லை.

1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, கல்கத்தாவில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஒரு பேராயரை நியமிக்க வழி பிறந்தது. 1814இல் மிடில்டன் அப்பதவியில் அமர்ந்தார். அதே சமயத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகர்களுக்கும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர் ஒவ்வொருவரை அனுப்பக் கம்பெனியின் இயக்குநர்கள் இசைந்தனர். சென்னைக்கு ஜான் ஆலன் என்பவர் வந்தார்.

உரிமைகள் எளிதில் கிட்டவில்லை. ஸ்காட்லாந்துப் போதகர்கள் நடத்திவைத்த திருமணங்கள் செல்லுமா என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தீர்ப்பதற்கு 1818இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. மணமக்களில் ஒருவராவது ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவராயிருந்தால் அத்திருமணம் செல்லும் என்று அச்சட்டம் உறுதிசெய்தது. கல்கத்தாவில் ஸ்காட்லாந்து ஆலயத்துக்குக் கூம்புக் கோபுரம் வைக்கலாமா என்பதுகூடப் பேராயருக்கும் ஸ்காட்லாந்துப் போதகரான பிரைஸுக்கும் இடையே வழக்காயிற்று என்று சொல்லப்படுகிறது.

இப்பின்னணியில்தான் சென்னையில் 1818ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் எழும்பூரில் மூலைக்கல் நாட்டப்பட்டது. 1821 பிப்ரவரி 25ஆம் நாள் ஆலயம் ஆராதனைக்குத் திறக்கப்பட்டது. தரையிலிருந்து ஏறக்குறைய 166 அடி உயரத்துக்கு எழும் அதன் கூம்புக் கோபுரத்தைக் காணும்போது, அது வெறும் அழகுக்காக எழுப்பப்பட்டதன்று என்பது நமக்கு விளங்குகிறது. பேராயர் இல்லாத திருச்சபையும் முழுமையான திருச்சபையே என்ற உரிமைக் குரல் அக்கோபுரத்தில் ஒலிக்கிறது. அதில் உண்மையும் உண்டு. போட்டி மனப்பான்மையும் கலந்திருக்கிறது.

2. வட்ட வடிவின் பொருள்

இவ்வாலயத்தின் உட்புறம் நீள்சதுரமன்று, வட்டம். வட்டப் பகுதியின் குறுக்களவு சுமார் 80 அடி. கொரிந்திய முறையில் அமைந்த பதினாறு தூண்கள் உள்ளே வட்டமாக நின்று, நீல வண்ணம் தீட்டிப் பொன் விண்மீன்கள் பொறித்த விதானக் கவிகையைத் தாங்குகின்றன.

இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? இலண்டன் மாநகரில் ‘வயல்வெளித் தூய மார்ட்டின்’ ஆலயத்தை 1722 முதல் 1726 வரை கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், முதலில் அதனை வட்ட வடிவிலேயே அமைக்க எண்ணினார். செலவு மிகுதியாகும் எனக் கருதி அவ்வரைபடம் தள்ளப்பட்டது. ஆனால் 1728இல் அவர் வெளியிட்ட கட்டடக் கலை நூலில் அவ்வரைபடம் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. இலண்டனில் தள்ளப்பட்ட கருத்து எழும்பூரில் உருப்பெற்றது எனலாம். கிப்ஸ் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது. கத்தோலிக்கர் ஒருவர் ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றுக்கென வரைந்த அமைப்பில் பிரஸ்பிட்டேரியன் சபை கூடிற்று!

ஆயினும் வட்டத்தைத் தெரிந்துகொண்டதற்குக் கிப்ஸின் நூல் மட்டுமே காரணம் என்று கொள்ளவேண்டுவதில்லை. சீர்திருத்த மரபுக்கு அவ்வடிவம் அந்நியமானதன்று. 1560இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தத்தை ஏற்றபோது, சபையார் இடைக்கால ஆலயங்களையே பயன்படுத்த நேர்ந்தது. அவை குருவின் பலிபீடப் பணிக்கென அமைந்தவை. பிரசங்கத்தைக் கேட்பதற்கென அமைந்தவை அல்ல. எடின்பரோவிலுள்ள தூய கைல்ஸ் பேராலயத்தைக் குறுக்குச் சுவர்களால் பிரித்துப் பல சபைகள் கூடும் இடங்களாக்கினார்கள். அச்சுவர்கள் முற்றிலும் அகற்றப்பட்டது 1872க்கும் 1883க்கும் இடையில் நிகழ்ந்த திருப்பணியின்போதுதான். புதிதாகக் கட்ட வாய்ப்புக் கிட்டியபோதோ, 1592இல் பர்ன்டிஸ்லண்ட் என்னும் ஊரில் சதுர வடிவில் ஆலயம் எழுப்பி, சபையார் நாற்புறமும் அமர வகைசெய்தார்கள். எடின்பரோவில் ஜார்ஜ் தெருவில் 1784இல் திறக்கப்பட்ட தூய அந்திரேயா ஆலயம் நீள்வட்ட வடிவுடையது. அதனை வரைந்தவரும் ஒரு படைப் பொறியாளரே.

இவ்வடிவங்கள் அனைத்தும் உணர்த்தும் போதனை ஒன்றே. சபை என்பது ஒருவர்பின் ஒருவராய் வரிசையில் நின்று தொலைவிலுள்ள பீடத்தை நோக்கும் கூட்டமன்று. வசனத்தையும் திருவிருந்து மேசையையும் சூழ அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணும் குடும்பமே சபை. வட்டத்தில் முதல் இடமும் இல்லை, கடை இடமும் இல்லை. எல்லா விசுவாசிகளும் ஆசாரியர் என்ற போதனை இங்கே சுவராகவும் தூணாகவும் நிற்கிறது.

3. மண்ணுக்கடியில் உள்ள வேலை

ஆலயத்தைக் கட்டும் பொறுப்பு சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலண்டிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சி தீவினர். சீரங்கப்பட்டினத்தில் நூறு அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள செங்கல் வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டியவர். சென்னையில் தூய ஜார்ஜ் ஆலயத்தின் கட்டட வேலையையும் அவரே மேற்பார்த்தார்.

எழும்பூரில் அவர் எதிர்கொண்ட முதற்பெரும் இடர் நிலமே. கூவம் ஆற்றுக்கு அண்மையிலுள்ள அம்மண் உறுதியற்றது. மழைக்காலத்தில் நீர் தேங்குவது. ஐரோப்பிய முறையில் வாரக்கால் தோண்டி அமைக்கும் அஸ்திபாரம் இத்தனை பாரத்தை அங்கே தாங்காது. ஆகவே அவர் இந்நாட்டாரின் முறையைக் கைக்கொண்டார். அதுவே உறைகிணறு இறக்கும் முறை.

அம்முறை தமிழ்நாட்டுக் கிராமத்தார் அறிந்ததே. சுட்ட மண்ணாலோ வளைவான செங்கல்லாலோ செய்த உறையைத் தரைமீது வைத்து, அதன் உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பர். தோண்டத் தோண்ட உறை தன் பாரத்தால் கீழிறங்கும். அதன்மேல் அடுத்த உறையை வைப்பர். உறுதியான மண் எட்டும்வரை இவ்வாறே இறக்கிச் செல்வர். குடிநீருக்காகச் செய்யும் இவ்வேலையைக் கட்டடத்துக்காகச் செய்யும்போது, இறக்கிய கிணற்றைக் கல்லும் செங்கல்லும் காரையும் இட்டு நிரப்பித் தூணாக்கி, அத்தூண்களின்மேல் சுவர் எழுப்புவர். எழும்பூரில் 14 அடி முதல் 50 அடி வரை ஆழமுள்ள கிணறுகள் வரிசை வரிசையாக இறக்கப்பட்டன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆலயம் அவற்றின்மேல் நிலைத்து நிற்கிறது.

மேற்கூரையிலும் இந்நாட்டின் இயல்பு கருதப்பட்டது. ஐரோப்பாவில் மரச்சட்டங்களால் அமைக்கத்தக்க கூரை இங்கே கரையானுக்கு இரையாகும். எனவே செங்கல்லும் சுட்ட மண்கூம்புகளும் சுண்ணாம்பும் கொண்டு கவிகை அமைக்கப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்கு அரைத்துப் பளிங்கு போல் மெருகேற்றும் பூச்சு வேலையில் சென்னைக் கொத்தர்கள் பெயர்பெற்றவர்கள்.

ஆக, வரைபடம் இலண்டனிலிருந்து வந்தது. பொறியாளர் கெர்ன்சியிலிருந்து வந்தார். ஆனால் கட்டடத்தைத் தாங்கும் அறிவும் கைத்திறனும் இம்மண்ணுக்குரியவை. போதகரின் பெயரும் பொறியாளரின் பெயரும் வரலாற்றில் நிலைத்துள்ளன. கிணறு இறக்கியவர்களையும், உறை சுட்ட குயவர்களையும், சாந்து அரைத்த பெண்களையும் அவ்வரலாறு பெயர்சொல்லி அழைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அஸ்திபாரத்தைப் போலவே அவர்களும் மறைந்திருக்கிறார்கள். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டப்படுபவை என்ற பவுலடியாரின் போதனைக்கு (1 கொரிந்தியர் 12) இதனினும் ஏற்ற உவமை தேடவேண்டியதில்லை.

4. முகப்பிலுள்ள முரண்பாடு

ஆலயத்தின் முகப்பில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலத்தீன் முத்திரை வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் அரசரும் ஆட்சிமன்றமும் அளித்த ஆதரவின்கீழ் என்பது அதன் கருத்து. திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, அரசர் அல்லர் என்பதற்காகப் பதினேழாம் நூற்றாண்டில் பாடு அனுபவித்தவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் ஆலய முகப்பில் இவ்வாசகத்துக்கு இடங்கொடுத்தார்கள். பணம் கம்பெனியுடையது, ஆகவே வாசகமும் கம்பெனியுடையதாயிற்று.

உள்ளே வட்டம் அமைத்தவர்கள் அவ்வட்டத்தில் யாரை அமர்த்தினார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. அக்காலத்தில் அங்கே ஆராதித்தவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் ஸ்காட்லாந்து அலுவலர்களும் படைவீரர்களும் வணிகர்களுமே. ஆராதனை மொழி ஆங்கிலம். அஸ்திபாரத்தை இறக்கிய கைகளுக்குரியவர்களை மனத்திற்கொண்டு அவ்வட்டம் வரையப்படவில்லை. வடிவம் சமத்துவத்தைப் போதித்தது. வழக்கமோ அதனை ஒரு சாராருக்குள் அடக்கிவைத்தது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும் காட்டிய சபையை யாக்கோபு கண்டித்தார் (யாக்கோபு 2). நல்ல கட்டட வடிவம் மட்டும் அக்குற்றத்திலிருந்து ஒரு சபையைக் காப்பாற்றாது என்பதை எழும்பூர் நமக்குக் கற்பிக்கிறது.

5. வட்டம் விரிந்த வரலாறு

ஆனால் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. 1835இல் இவ்வாலயத்தின் போதகர்களாயிருந்த லாரி, போவி என்னும் இருவரும் இந்தியச் சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அதனை நடத்த மிஷனரி ஒருவரை அனுப்பும்படி தாய்த் திருச்சபையை வேண்டினார்கள். அவ்வேண்டுகோளுக்கிணங்க ஜான் ஆண்டர்சன் வந்து, 1837இல் ஆர்மீனியன் தெருவில் பள்ளியை நிறுவினார். இன்றைய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அதுவே வித்து. 1862இல் வந்த வில்லியம் மில்லரின் காலத்தில் அது பெருங்கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது.

தொடக்க ஆண்டுகளிலேயே அப்பள்ளி ஒரு சோதனையைச் சந்தித்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர் சிலர் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களை நீக்கவேண்டும் என்று பிற சாதியார் வற்புறுத்தினர். மாணவர் பலர் பள்ளியை விட்டு விலகினர். ஆண்டர்சன் இணங்கவில்லை. 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா என்னும் இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது மீண்டும் கொந்தளிப்பு ஏற்பட்டது. எழும்பூரின் வட்டம் ஏட்டளவில் போதித்ததை, ஒரு பள்ளி அறையின் விசுப்பலகைகள் விலைகொடுத்துச் செயலாக்கின. கட்டடத்தின் உண்மையான பொருள் சில வேளைகளில் கட்டடத்துக்கு வெளியேதான் நிறைவேறுகிறது.

1843 மே 18ஆம் நாள், முன்பு நாம் குறிப்பிட்ட ஜார்ஜ் தெரு ஆலயத்தில் ஸ்காட்லாந்துப் பொதுப்பேரவை கூடியது. சபையின் விருப்பத்துக்கு மாறாக நிலக்கிழார்கள் போதகரை நியமிக்கும் உரிமையையும், அதில் அரசின் நீதிமன்றங்கள் தலையிடுவதையும் எதிர்த்து, நானூறுக்கு மேற்பட்ட போதகர்கள் பிரிந்து சுயாதீனத் திருச்சபையை அமைத்தனர். ஆண்டர்சனும் அவர்தம் உடனூழியரும் அதில் சேர்ந்தனர். கம்பெனி கட்டிய ஆலயமோ அரசின் அங்கீகாரம் பெற்ற திருச்சபையிடமே இருந்தது. இவ்வாறு ஆலயமும் அதிலிருந்து பிறந்த பள்ளியும் இரு வேறு திருச்சபைகளுக்குரியவை ஆயின. முகப்பிலிருந்த வாசகத்தின் பொருள் அன்று தெளிவாக வெளிப்பட்டது: அரசின் நிழலில் நிற்பவருக்கு அரசின் கட்டுப்பாடும் உண்டு.

6. பிரிவிலிருந்து ஐக்கியத்துக்கு

பிரிவினையின் கசப்பை இந்தியத் திருச்சபையார் தங்களுடையதாக ஏற்க மனங்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தில் எழுந்த வழக்கு தமிழ் விசுவாசிக்கு எதற்கு? 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் சபையாட்சி முறைச் சபையாரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையை உருவாக்கினர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் அச்சபையும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அத்திருநாள் ஆராதனை நடைபெற்ற இடம் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயம். டி ஹாவிலண்டின் மேற்பார்வையில் எழுந்த ஆலயமே அது.

ஒருவர் கையால் இரு ஆலயங்கள் ஒரே நகரில் எழுந்தன; ஒன்று பேராயரைக் கொண்ட திருச்சபைக்கு, மற்றொன்று மூப்பரைக் கொண்ட திருச்சபைக்கு. திருமணம் செல்லுமா, கோபுரம் உயரலாமா என்று ஒருகாலத்தில் வழக்காடிய இரு மரபுகளும் இன்று ஒரே திருச்சபைக்குள் வாழ்கின்றன. எழும்பூர் ஆலயமும் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது. பேராயரும் மூப்பரும் ஒருங்கே அமைந்த திருச்சபை ஒழுங்கில், அக்கோபுரத்தின் பழைய போட்டிக் குரல் அடங்கி, உண்மைக் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

7. நமக்குரிய பொறுப்பு

இவ்வரலாற்றிலிருந்து போதகர்களும் இறையியல் மாணவர்களும் பெறத்தக்க படிப்பினைகள் சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இடிப்பதற்குமுன் வாசிக்கவேண்டும். நம் சபைகள் பலவற்றில் பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் விருப்பம் வளர்ந்துவருகிறது. இடம் போதாதபோது விரிவாக்குவது குற்றமன்று. இடத்துக்குப் புனிதம் இல்லை என்பதே நம் போதனை. ஆயினும் முன்னோர் பிரசங்க பீடத்தை ஏன் அங்கே வைத்தார்கள், மேசையை ஏன் சபைக்கு அருகே வைத்தார்கள் என்று அறியாமல் இடிப்பது, வாசிக்காத கடிதத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, புதிய கட்டடமும் ஒரு பிரசங்கமே. அரங்குபோல் உயர்ந்த மேடையும், அதில் சிலருக்கு மட்டும் உயர்ந்த நாற்காலிகளும், கீழே நீண்ட இருளில் சபையாரும் என்று அமைக்கும்போது, எந்தப் போதனையை நாம் கல்லில் எழுதுகிறோம்? வரைபடத்தைப் பொறியாளரிடம் விட்டுவிடாமல், சபை மன்றம் வேதத்தைத் திறந்து வைத்து ஆராயவேண்டும்.

மூன்றாவது, கல்வெட்டுப் பலகையில் யார் பெயர் இடம்பெறுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். திறந்து வைத்தவர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் பொன்னெழுத்தில் விளங்க, கொத்தரும் சித்தாளும் பெயரின்றிப் போகின்றனர். சபையின் குறிப்பேட்டிலாவது அவர்கள் பெயர்களை எழுதிவைத்தல் தகும். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் விடாமல் காப்பதும் இதனைச் சேர்ந்த ஊழியமே.

நான்காவது, நம் வட்டத்துக்குள் இன்னும் யாருக்கு இடமில்லை என்று கேட்கவேண்டும். ஆசனத்திலும் திருவிருந்துப் பாத்திரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி வேற்றுமை காத்த சபைகள் நம் நாட்டில் இருந்தன. அதன் எச்சங்கள் இன்றும் மறையவில்லை. எழும்பூரைக் கட்டிய ஸ்காட்லாந்தியரைக் குறைகூற எளிதாயிருக்கும் நமக்கு, நம் சொந்த ஊர் ஆலயத்தில் இதே கேள்வியைக் கேட்பது அரிதாயிருக்கிறது.

போடப்பட்ட அஸ்திபாரம் இயேசு கிறிஸ்துவே. வேறு அஸ்திபாரம் போட ஒருவராலும் இயலாது என்று அப்போஸ்தலர் போதிக்கிறார் (1 கொரிந்தியர் 3). அவ்வஸ்திபாரத்தின்மேல் அவனவன் எவ்வாறு கட்டுகிறான் என்பதைப் பார்த்துக்கொள்ளும்படியும் அவரே எச்சரிக்கிறார். ஐம்பது அடி ஆழத்துக்கு உறை இறக்கிய பெயரறியாத கைகளுக்கு நன்றி செலுத்தும் நாம், நம் கைவேலையும் அத்தகைய உண்மையுடன் விளங்குமாறு கட்டுவோமாக.